நியூயார்க்கின் விடுபட்ட அத்தியாயங்களைத் தேடிப் படிக்கும் முறை

நியூயார்க்கின் வரலாறு பொதுவாகச் சில பெரிய நிகழ்ச்சிகளின் வழியாகவே சொல்லப்படுகிறது. டச்சுக்காரர்கள் மன்ஹாட்டனில் இறங்கினார்கள். 1664-இல் ஆங்கிலேயர்கள் அதைக் கைப்பற்றினார்கள். எல்லிஸ் தீவு வழியாக ஐரோப்பியர்கள் வந்து குவிந்தார்கள். வானுயர்ந்த கட்டடங்கள் எழுந்தன. இந்த வரிசைக்குள் அடங்காத குடியிருப்புகளும் இடுகாடுகளும் வழக்குகளும் அந்த நகரெங்கும் இருந்திருக்கின்றன. அவற்றுக்குச் சான்றுகளே எஞ்சவில்லை என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பெரும்பாலும் தவறானது. ஒரு குடியிருப்பை அப்புறப்படுத்த நினைக்கும் அரசு முதலில் அதை அளக்கிறது, வீடுகளுக்கு எண் போடுகிறது, உரிமையாளரின் பெயரை எழுதிக்கொள்கிறது, நஷ்டஈட்டைக் கணக்கிடுகிறது. அழித்தவர்களின் கணக்கேட்டிலேயே அழிந்தவர்களின் முகவரி இருக்கிறது. அந்தக் கணக்கேடுகளை எங்கே, எந்த வரிசையில் தேடுவது, தேடிக் கிடைத்ததை எப்படிப் படிப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே குறிப்பிடப்படும் ஆவணங்களில் பெரும்பகுதி மின்படிகளாக இணையத்தில் கிடைப்பதால், நியூயார்க்கில் வசிக்காதவர்களும் இந்த வேலையில் இறங்கலாம்.

ஒரே ஒரு பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள்

'நியூயார்க்கில் அடிமைமுறை', 'நியூயார்க்கில் குடியேறிகள்' என்பன போன்ற பெரிய தலைப்புகளோடு தொடங்கினால், ஏற்கெனவே எழுதப்பட்டவற்றையே திரும்பப் படித்துக்கொண்டிருக்க நேரிடும். நான்கு தெருக்களுக்கு நடுவே இருக்கும் ஒரு பிளாக்கைத் தேர்ந்தெடுத்து, அதற்குள்ளேயே பின்னோக்கிப் போவதுதான் பலன் தரும். நகரின் ஒவ்வொரு மனைக்கும் பரோ (நகரின் ஐந்து பெரும் பிரிவுகளுள் ஒன்று), பிளாக், லாட் (தனி மனை) என்று மூன்று பகுதிகள் கொண்ட ஓர் எண் உண்டு. நம்மூரில் சர்வே எண் தெரியாமல் பழைய பத்திரம் தேட முடியாததைப் போல, இந்த எண் தெரியாமல் அங்கே எதையும் தேட முடியாது. முகவரியைக் கொடுத்தால் எண்ணைத் தரும் வசதி நகர அரசின் இணையதளங்களில் இருக்கிறது. 1966-க்குப் பிந்தைய பத்திரங்களை ஸ்டேட்டன் தீவு நீங்கலான நான்கு பரோக்களுக்கும் 'அக்ரிஸ்' என்ற இணையப் பதிவேட்டில் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம்.

எண் கையில் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது வரித்துறையின் புகைப்படங்கள். 1939 முதல் 1941 வரையிலான காலத்தில் சொத்து வரி மதிப்பீட்டுக்காக ஐந்து பரோக்களிலும் இருந்த கட்டடங்கள் அனைத்தும் படம் பிடிக்கப்பட்டன. 7 லட்சத்துக்கும் அதிகமான அந்தப் படங்களை நகர ஆவணக் காப்பகம் 2018-இல் இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. பல படங்களின் ஓரத்தில் பிளாக் எண்ணும் லாட் எண்ணும் எழுதிய பலகையை ஒருவர் பிடித்தபடி நிற்பதைக் காணலாம். பார்க்க வேண்டியது கட்டடத்தை மட்டுமல்ல. கடையின் பெயர்ப்பலகை எந்த மொழியில் இருக்கிறது, ஜன்னலில் என்ன விளம்பரம் ஒட்டியிருக்கிறது, வாசற்படியில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதையெல்லாம் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். இன்று லிங்கன் சென்டர் கலையரங்குகள் நிற்கும் இடத்தில் 1950-களின் இறுதிவரை மக்கள் நெருக்கமாக வாழ்ந்த தெருக்கள் இருந்தன என்பதை முதன்முறையாக அறிபவர்களுக்கு, சான் ஹுவான் ஹில் எனப்பட்ட அந்தப் பகுதியின் வீடுகளை ஒவ்வொன்றாகக் காட்டுவது இந்தப் புகைப்படத் தொகுப்புதான். கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கர்களும் வாழ்ந்த அந்தத் தெருக்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகர மறுசீரமைப்பு என்ற பெயரில் வெளியேற்றப்பட்டன. ஜாஸ் மேதை திலோனியஸ் மங்க் வளர்ந்த தெருவும் அதே பகுதியைச் சேர்ந்ததுதான்.

வரைபடங்களை அடுக்கிப் பார்த்தல்

அடுத்த படி, ஒரே இடத்தைக் காட்டும் பல காலத்து வரைபடங்களைச் சேர்ப்பது. நியூயார்க் பொது நூலகத்தின் மின்தொகுப்பில் இவை ஏராளமாக உள்ளன. 1811-ஆம் ஆண்டின் திட்டம் மன்ஹாட்டனின் பெரும்பகுதியில் நேர்கோட்டுத் தெருக்களைப் போட்டது. அந்தத் தெருக்களை நிலத்தில் குறிக்கப் போன ஜான் ராண்டல், தன் வழியில் குறுக்கிட்ட பண்ணைகளையும் வேலிகளையும் வீடுகளையும் 92 தாள்களில் வரைந்து வைத்தார். 1850-களிலிருந்து தீவிபத்துக் காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரையப்பட்ட படங்களில் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பிலும் மரக்கட்டடம் மஞ்சளிலும் இருக்கும். 1865-இல் எக்பர்ட் வீலே வெளியிட்ட வரைபடம், மண்ணுக்கடியில் மறைந்துபோன ஓடைகளையும் சதுப்பு நிலங்களையும் காட்டுகிறது. அடித்தளம் தோண்டும் பொறியாளர்கள் அதை இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இவற்றைக் கால வரிசையில் வைத்து, முந்தைய படத்தில் இருந்து பிந்தைய படத்தில் காணாமற்போனது எது என்று கேளுங்கள். தெருக்களின் போக்கோடு ஒத்துப்போகாத கட்டடங்களையும் கவனியுங்கள். நேர்கோட்டுத் தெருக்கள் வருவதற்கு முன்பே அங்கே பாதை இருந்ததை அவை காட்டிக்கொடுக்கும். புரூக்ளினில் இருந்த வீக்ஸ்வில் அப்படித்தான் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827-இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் 11 ஆண்டுகளில் ஜேம்ஸ் வீக்ஸ் என்ற கறுப்பினத்தவர் அங்கே நிலம் வாங்கினார். அவர் பெயரால் பள்ளியும் தேவாலயங்களும் செய்தித்தாளும் கொண்ட சுதந்திரக் கறுப்பின மக்களின் ஊர் ஒன்று வளர்ந்தது. 1863-இல் கட்டாய ராணுவச் சேர்ப்புக்கு எதிராக மன்ஹாட்டனில் வெடித்த கலவரம் கறுப்பின மக்கள் மீது திரும்பியபோது, தப்பி வந்தவர்களுக்கு இந்த ஊர் அடைக்கலம் தந்தது. நகரம் வளர வளர அதன் பெயரே வழக்கிலிருந்து மறைந்தது. 1968-இல் ஜேம்ஸ் ஹர்லி என்ற வரலாற்றாளரும் விமானி ஜோசப் ஹெய்ன்ஸும் அந்தப் பகுதிக்கு மேலே சிறு விமானத்தில் பறந்து தேடினார்கள். இன்றைய தெருக்களுக்குக் கோணலாக, ஒரு சந்துக்குள் வரிசையாக நின்ற மரவீடுகள் சில அவர்கள் கண்ணில் பட்டன. ஹண்டர்ஃபிளை சாலை என்ற பழைய பாதையை ஒட்டிக் கட்டப்பட்ட வீடுகள் அவை. 1970-இல் அவை பாதுகாக்கப்பட்ட சின்னங்களாயின. இன்று அங்கே ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. அவர்கள் வானிலிருந்து தேடியதை இன்று யார் வேண்டுமானாலும் செயற்கைக்கோள் படத்தில் தேடலாம்.

வரைபடத்தைப் படிக்கும்போது நிலத்தின் உயரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். இதைத் தவறவிட்டதால் நேர்ந்தது சாதாரணப் பிழையன்று. 1755-ஆம் ஆண்டு வரைபடம் ஒன்றில், அன்றைய நகர எல்லைக்கு வெளியே 'நீக்ரோக்களின் இடுகாடு' என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. டிரினிட்டி தேவாலயம் 1697-இல் தன் வளாகத்தில் ஆப்பிரிக்கர்களைப் புதைக்கத் தடை விதித்தது. அதன்பின் 1794 வரை நகரின் கறுப்பின மக்கள் தம் இறந்தோரைப் புதைத்த இடம் இதுவே. இருநூறு ஆண்டுகள் கழித்து, பிராட்வேயில் அதே இடத்தில் மத்திய அரசு 34 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றைத் திட்டமிட்டது. வரைபடத்தைப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்களின் ஆழமான நிலவறைகள் புதைகுழிகளை ஏற்கெனவே அழித்திருக்கும் என்று அவர்கள் கருதிவிட்டார்கள். ஆனால் அந்தப் பகுதி பழைய காலத்தில் பள்ளமாக இருந்தது. பின்னாளில் மண் கொட்டி மேடாக்கப்பட்டதால், பல அடி ஆழத்துக்குக் கீழே புதைகுழிகள் கலையாமல் கிடந்தன. 1991-இல் தோண்டத் தொடங்கியபோது எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. கட்டட வேலை தொடர்ந்து நடந்தது. கறுப்பின மக்கள் அணிதிரண்டு போராடிய பிறகே 1992-இல் தோண்டுவது நிறுத்தப்பட்டது. அதற்குள் 419 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. அந்த இடுகாட்டில் ஏறத்தாழ 15,000 பேர் புதைக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பிளேக்கி தலைமையில் நடந்த ஆய்வு அந்த எலும்புகளிலிருந்து அவர்களின் வாழ்க்கையையே படித்தது. சுமை தூக்கித் தூக்கித் தசை இணையும் இடங்களில் எலும்பு சிதைந்திருந்தது. குழந்தைகளின் மரணம் மிக அதிகமாக இருந்தது. ஒரு பெண் இடுப்பைச் சுற்றி மணிகளும் சோழிகளும் கோத்த சரத்தோடு புதைக்கப்பட்டிருந்தாள். அவளுடைய முன்பற்கள் ஆப்பிரிக்க வழக்கப்படி அரம் கொண்டு ராவப்பட்டிருந்தன. கடல் கடந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவளிடம் அந்தச் சரம் இறக்கும்வரை இருந்திருக்கிறது, அவளைப் புதைத்தவர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை என்பதை நினைக்கும்போது, வடக்கு மாநிலங்களில் அடிமைமுறை 'மென்மையாக' இருந்தது என்று சொல்பவர்களிடம் இந்த ஆய்வறிக்கையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லத் தோன்றுகிறது. 2003-இல் அனைவரும் மீண்டும் அதே மண்ணில் அடக்கம் செய்யப்பட்டனர். 2006-இல் அந்த இடம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அறிக்கைகள் இணையத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன.

கையகப்படுத்தல் ஆவணங்களைப் படித்தல்: செனெகா கிராமம்

முறை முழுவதையும் ஒரே இடத்தில் செய்து பார்ப்பதற்கு ஏற்றது சென்ட்ரல் பூங்காவின் மேற்கு ஓரம். 82-ஆம் தெருவுக்கும் 89-ஆம் தெருவுக்கும் இடைப்பட்ட அந்தப் புல்வெளியில் 1825 முதல் 1857 வரை ஓர் ஊர் இருந்தது. அதன் பெயர் செனெகா கிராமம்.

முதலில் கிரயப் பத்திரங்களைப் பார்க்க வேண்டும். ஜான் வைட்ஹெட்டும் அவர் மனைவி எலிசபெத்தும் தங்கள் பண்ணை நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கத் தொடங்கினார்கள். 1825 செப்டம்பரில் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற 25 வயது இளைஞர் மூன்று மனைகளை 125 டாலருக்கு வாங்கினார். காலணிகளுக்கு மெருகு போடுவது அவர் தொழில். அடுத்தபடியாக எபிஃபனி டேவிஸ் என்பவர் 12 மனைகளை 578 டாலருக்கு வாங்கினார். ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சீயோன் சபையும் மனைகள் வாங்கியது. வாங்கியவர்கள் கறுப்பினத்தவர்கள் என்பதையும், அவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதையும் பத்திரங்களை வரிசையாகப் படித்தாலே உணரலாம்.

பத்திரத்தோடு அன்றைய சட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1821-ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு வெள்ளை ஆண்களுக்குச் சொத்துத் தகுதியைத் தளர்த்தியது. கறுப்பின ஆண் வாக்களிக்க வேண்டுமானால் 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும் என்று விதித்தது. ஊருக்கு வெளியே பாறைகள் நிறைந்த நிலத்தை ஓர் எளிய தொழிலாளி ஏன் சேமித்து வாங்கினார் என்ற கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. மனையும் வீடும் அவருக்குக் குடியிருப்பாகவும் இருந்தன. வாக்குரிமைக்கான வழியாகவும் இருந்தன. தனியாகப் பார்த்தால் பத்திரம் வெறும் விலையை மட்டுமே சொல்லும். சட்டத்தை அருகில் வைத்தால்தான் வாங்கியவரின் எண்ணம் புலப்படும்.

அடுத்தது 1855-ஆம் ஆண்டின் மாநில மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மத்திய அரசின் கணக்கெடுப்பில் இல்லாத சில பத்திகள் இதில் உண்டு: வீடு எதனால் கட்டப்பட்டது, அதன் மதிப்பு என்ன, இந்த ஊரில் எத்தனை ஆண்டுகளாக வசிக்கிறார், நிலம் சொந்தமா என்ற கேள்விகளுக்கான பதில்கள். செனெகா கிராமத்தில் அப்போது சுமார் 225 பேர் இருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் ஐரிஷ்காரர்கள், சிலர் ஜெர்மானியர்கள். மூன்று தேவாலயங்களும் ஒரு பள்ளியும் இருந்தன. ஆல் ஏஞ்சல்ஸ் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளில் கறுப்பினப் பெயர்களும் ஐரிஷ், ஜெர்மன் பெயர்களும் அடுத்தடுத்து வருகின்றன. நகரின் மற்ற பகுதிகளில் இவர்கள் பகைத்துக்கொண்டிருந்த காலம் அது என்பதை மனத்தில் கொண்டால், ஒரே பதிவேட்டின் அடுத்தடுத்த வரிகள் எவ்வளவு அரியவை என்பது விளங்கும்.

1853-இல் மாநிலச் சட்டமன்றம் பூங்காவுக்கான நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்த அனுமதி அளித்தது. பூங்கா எல்லைக்குள் வாழ்ந்த சுமார் 1,600 பேரும் வெளியேற வேண்டியதாயிற்று. அன்றைய செய்தித்தாள்கள் செனெகா கிராமத்தைப் பற்றி எழுதியவற்றைப் படித்தால், ஆக்கிரமிப்பாளர்கள் குடிசை போட்டுக்கொண்டு அழுக்கில் வாழ்ந்தார்கள் என்ற எண்ணமே வரும். பிற்கால வரலாற்றாசிரியர்களும் நெடுங்காலம் அதையே நம்பினார்கள். கையகப்படுத்தலுக்காக நகர அரசே தயாரித்த சர்வே வரைபடம் வேறு கதை சொல்கிறது: மனைக்கு மனை எல்லைக்கோடு, வீட்டின் உருவம், மாடிகளின் எண்ணிக்கை, உரிமையாளர் பெயர் என எல்லாம் அதில் உண்டு. ஆக்கிரமிப்பாளருக்கு யாரும் நஷ்டஈடு கொடுப்பதில்லை. ஆண்ட்ரூ வில்லியம்ஸ் தன் வீட்டுக்கும் மூன்று மனைகளுக்கும் 3,500 டாலர் கேட்டார். 2,335 டாலர் கிடைத்தது. கேட்ட தொகையும் கிடைத்த தொகையும் பதிவாகியிருக்கும் அந்த ஒரு தாளே, செய்தித்தாள்கள் எழுதியதற்குப் போதுமான மறுப்பு. ஆகவே எந்தக் குடியிருப்பைப் பற்றியும் 'ஆக்கிரமிப்பு', 'சேரி', 'பாழடைந்த பகுதி' என்ற சொற்களைப் படித்தால், அந்தச் சொல்லை எழுதியவருக்கு அந்த நிலத்தின்மேல் என்ன தேவை இருந்தது என்று விசாரித்துவிட்டு, உடனே சொத்துப் பதிவேட்டுக்குப் போய்விடுங்கள்.

நிலத்தடிச் சான்றையும் பார்க்கலாம். 1990-களில் நியூயார்க் வரலாற்றுச் சங்கம் இந்த ஊரைப் பற்றி நடத்திய கண்காட்சிக்குப் பிறகு ஆர்வம் பெருகியது. ரேடார் கருவியால் மண்ணுக்கடியில் சோதித்தார்கள். 2011-இல் டயானா வால், நான் ராத்ஸ்சைல்டு, சிந்தியா கோப்லேண்டு ஆகியோர் பொறுப்பேற்க அகழாய்வு நடந்தது. ஆல் ஏஞ்சல்ஸ் தேவாலயத்தின் பணியாளரான வில்லியம் காட்ஃப்ரே வில்சனின் வீட்டு அடித்தளம் வெளிப்பட்டது. இரும்புக் கெண்டி, வறுக்கும் தட்டு, சீனப் பீங்கான் துண்டுகள், ஒரு குழந்தையின் தோல் காலணி ஆகியவை கிடைத்தன. எட்டுக் குழந்தைகள் வளர்ந்த வீடு அது. குடிசை என்று சொல்லப்பட்ட ஊரில் பீங்கானில் தேநீர் குடித்த குடும்பம் இருந்திருக்கிறது.

பெயர் கிடைத்த பிறகு

வரைபடமும் பத்திரமும் பெயர்களைத் தரும். அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு வெளியே போக வேண்டும். மத்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் ஏடுகள் 72 ஆண்டுகள் கழித்தே வெளியிடப்படும். 1950-ஆம் ஆண்டினுடையது 2022 ஏப்ரலில் வெளியானது. 1890-ஆம் ஆண்டுக்கான ஏடுகளில் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீவிபத்தின் விளைவாக அழிந்துவிட்டது. புரூக்ளினைத் தேடுபவர்கள் அந்த இடைவெளியை 1892-ஆம் ஆண்டின் மாநிலக் கணக்கெடுப்பால் ஓரளவு நிரப்பலாம். ஆண்டுதோறும் வெளியான நகர விவரத்தொகுப்புகள் பெயர், தொழில், முகவரி மூன்றையும் தருகின்றன. பெண்கள் அவற்றில் பெரும்பாலும் விதவைகளாக இருந்தால்தான் தோன்றுவார்கள் என்பதால், அவர்களைத் தேவாலயப் பதிவேட்டிலும் நீதிமன்ற ஆவணத்திலும் தேடுவதே நல்லது.

கணக்கெடுப்பாளர் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. 1920 முதல் 1940 வரையிலான கணக்கெடுப்புகளில் இனத்துக்கான பத்தியில் 'ஹிந்து' என்ற பிரிவு இருந்தது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்த எல்லோரும் சமய வேறுபாடின்றி அதில் சேர்க்கப்பட்டார்கள். 1917-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஆசியர்களைத் தடுத்த காலத்தில், சில்ஹெட், நவகாளிப் பகுதிகளைச் சேர்ந்த வங்காள முஸ்லிம் கப்பல் தொழிலாளர்கள் நியூயார்க் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கி ஹார்லெமில் தங்கிவிட்டார்கள். பலர் போர்ட்டோ ரிக்கப் பெண்களையும் கறுப்பினப் பெண்களையும் மணந்தார்கள். அவர்களைத் தேடுபவர் இனப் பத்தியை மட்டும் நம்பினால் பாதிப் பேரைத் தவறவிடுவார். சிலர் 'நீக்ரோ' என்றும் சிலர் 'வெள்ளையர்' என்றும் எழுதப்பட்டிருக்கிறார்கள். பிறந்த இடத்தைக் காட்டும் பத்தியையும் திருமணப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

செய்தித்தாள்களைப் பொறுத்தவரை, ஒரே நிகழ்ச்சியைப் பெரிய பத்திரிகையிலும் அந்தச் சமூகத்தின் சொந்தப் பத்திரிகையிலும் சேர்த்தே படிக்க வேண்டும். கறுப்பினத்தவரே நடத்திய முதல் அமெரிக்கப் பத்திரிகையான 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' 1827 மார்ச் மாதத்தில் நியூயார்க்கில்தான் தொடங்கியது. மன்ஹாட்டனின் தென்மேற்கு முனையில் வாஷிங்டன் தெருவில் இருந்த சிரியர் குடியிருப்பிலிருந்து அரபுப் பத்திரிகைகள் வந்தன. புரூக்ளின்-பேட்டரி சுரங்கப்பாதைக்காக அந்தக் குடியிருப்பின் பெரும்பகுதி இடிக்கப்பட்ட பிறகு அதன் வரலாற்றைத் தாங்கி நிற்பவை அந்தப் பத்திரிகைகளே. தேடும்போது அந்தக் காலத்து வழக்குச் சொற்களையே தட்டச்சு செய்ய வேண்டும். இன்று நாம் மரியாதையாகப் பயன்படுத்தும் சொல் 1850-ஆம் ஆண்டின் இதழில் இருக்காது.

எந்த அதிகாரத்தின்கீழ் ஆவணம் உருவானது என்பதையும் மறக்கக்கூடாது. ஐந்து பரோக்களும் ஒரே நகரமாக இணைந்தது 1898 ஜனவரி 1 அன்று. அதற்கு முன் புரூக்ளின் தனி நகரம். இது ஏன் முக்கியம் என்பதற்கு எலிசபெத் ஜென்னிங்ஸின் வழக்கே சான்று. 1854 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை. பள்ளி ஆசிரியையும் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவருமான இந்தக் கறுப்பினப் பெண், மன்ஹாட்டனில் குதிரை இழுக்கும் டிராம் வண்டியில் ஏறினார். நடத்துநர் அவரை இறங்கச் சொன்னார். மறுத்தபோது பலவந்தமாக இழுத்து வெளியே தள்ளினார். அவர் மூன்றாம் அவென்யூ ரயில் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தார். அவருக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் செஸ்டர் ஆர்தர் பின்னாளில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரானார். 1855-இல் தீர்ப்பு ஜென்னிங்ஸுக்குச் சாதகமாக வந்தது. 225 டாலர் இழப்பீடும் கிடைத்தது. நிகழ்ச்சி மன்ஹாட்டனில் நடந்தாலும் வழக்கு விசாரிக்கப்பட்டது புரூக்ளின் நீதிமன்றத்தில். மன்ஹாட்டன் நீதிமன்ற ஏடுகளில் மட்டும் தேடுபவருக்கு இப்படி ஒரு வழக்கு நடந்ததாகவே தெரியாது. பேருந்து இருக்கைக்காக நடந்த போராட்டங்களுக்கு நூறாண்டு முன்பே ஒரு பெண் இதைச் சாதித்திருக்கிறார் என்பதைப் பள்ளிப் பாடங்களில் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சில நேரங்களில் ஒரு சமூகம் மறைந்ததற்குச் சட்டமோ புல்டோசரோ காரணமாக இருக்காது. 1904 ஜூன் 15 அன்று கிழக்கு 6-ஆம் தெருவின் லூத்தரன் தேவாலயத்தார் பெண்களையும் குழந்தைகளையும் 'ஜெனரல் ஸ்லோகம்' என்ற நீராவிக் கப்பலில் சுற்றுலா அழைத்துச் சென்றனர். கிழக்கு ஆற்றில் கப்பல் தீப்பிடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மனமுடைந்த ஜெர்மானியக் குடும்பங்கள் அந்தப் பகுதியை விட்டு வடக்கே நகர்ந்தன. இத்தகைய இடப்பெயர்ச்சிக்கு ஆவணம் என்று தனியாக ஒன்றும் இருக்காது. சபையின் உறுப்பினர் பட்டியல் சுருங்குவதையும், தேவாலயக் கட்டடம் 1940-இல் யூத ஆலயமாக மாறியதையும் சேர்த்து வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கண்டதை உடனே படியெடுத்துக்கொள்ளுங்கள். எங்கே, எந்தப் பெட்டியில், எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐரிஷ் ஏழைகளும் கறுப்பினத்தவரும் வாழ்ந்த ஃபைவ் பாயிண்ட்ஸ் பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ எட்டரை லட்சம் பொருள்கள் உலக வர்த்தக மையத்தின் 6-ஆம் எண் கட்டடத்தின் நிலவறையில் வைக்கப்பட்டிருந்தன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் அவை அழிந்தன. வேறோர் இடத்துக்கு இரவலாகக் கொடுக்கப்பட்டிருந்த 18 பொருள்களே தப்பின. இன்று அந்தத் தொகுப்பை நாம் அறிவது, ஆய்வாளர்கள் முன்பே எழுதி வைத்த பட்டியல்களாலும் படங்களாலும்தான்.

நடந்து பார்க்க ஒரு தொடக்கம்: ஃபிளஷிங்

இந்த முறையைக் காலால் நடந்து பழகிப் பார்க்க விரும்பும் தமிழர்களுக்கு, குவீன்ஸின் ஃபிளஷிங் பகுதி மிகவும் ஏற்றது. அங்கே பவுன் தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் பலர் ஏற்கெனவே போயிருப்பார்கள். ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய அழகப்பன் முதலானோரின் முயற்சியில் எழுந்து, 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்குக் கண்ட கோயில் அது. தெருவுக்குப் பெயர் தந்தவர் ஜான் பவுன். 1657-இல், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு இடம் தரக் கூடாது என்ற டச்சு ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்டின் ஆணையை எதிர்த்து ஃபிளஷிங் மக்கள் 30 பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு தன் வீட்டில் குவேக்கர்கள் கூடி வழிபட அனுமதித்த பவுன் 1662-இல் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ஆம்ஸ்டர்டாமில் டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடம் முறையிட்டு வென்று திரும்பி வந்தார். அவர் வீடு இன்றும் அதே தெருவில் நிற்கிறது. வழிபாட்டு உரிமைக்காகச் சிறை சென்றவரின் பெயர் தாங்கிய தெருவில் நம் கோயில் அமைந்திருப்பது கோயிலுக்கு வருபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னால் ஒவ்வொருவரும் மகிழ்கிறார்கள்.

அங்கிருந்து கிழக்கே 46-ஆம் அவென்யூவுக்குப் போனால் ஒரு சிறு பூங்கா இருக்கும். 1840-இல் தொற்றுநோயில் இறந்தவர்களுக்காக வாங்கப்பட்டு, பின்னர் கறுப்பின மக்களும் அமெரிக்கப் பூர்வகுடியினரும் புதைக்கப்பட்ட இடுகாடு அது. 1930-களில் அதன்மீது குழந்தைகளின் விளையாட்டுத் திடல் அமைக்கப்பட்டது. 1990-களில் உள்ளூர்க்காரரான மாண்டிங்கோ சாகா விடாமல் குரல் கொடுத்ததால்தான் அந்த இடத்தின் உண்மை மீண்டும் பொதுவெளிக்கு வந்தது. பவுன் வீட்டையும் இந்தப் பூங்காவையும் ஒரே நாளில் பாருங்கள்; போகுமுன் இரண்டின் பிளாக் எண்களையும் எடுத்து, 1940-ஆம் ஆண்டுப் புகைப்படங்களையும் பழைய வரைபடங்களையும் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. குவீன்ஸ் பொது நூலகமும் குவீன்ஸ் கல்லூரியும் இணைந்து நடத்தும் 'குவீன்ஸ் மெமரி' திட்டம், அப்பகுதி மக்களின் வாய்மொழி வரலாற்றையும் குடும்பப் படங்களையும் சேகரிக்கிறது. 1970-களில் ஃபிளஷிங்கில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் முதல் தலைமுறைக்கு இப்போது எண்பது வயது நெருங்கிவிட்டது. அவர்களிடம் பேட்டி எடுக்கும்போது பொதுவான கேள்விகளைத் தவிர்த்து, முதல் வாடகை வீட்டின் முகவரி, வாடகைத் தொகை, வீட்டுக்காரர் யார், புளியும் அரிசியும் எந்தக் கடையில் வாங்கினீர்கள், முதல் பொங்கலை யார் வீட்டில் வைத்தீர்கள் என்று கேளுங்கள். பழைய அழைப்பிதழ்கள், ரசீதுகள், புகைப்படங்கள் ஆகியவற்றின் பின்புறத்தில் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதி வாங்குங்கள். பேட்டி தமிழில் இருந்தாலும் ஒலிப்பதிவை அப்படியே ஒப்படைத்து, பேசியவரின் எழுத்துமூல ஒப்புதலையும் உடன் சேர்த்துக் கொடுங்கள்.